ராமுலு கயிறு

ராமுலு கயிற்றைத் தட்டுகிறார். விரல் முட்டியால் ஒரு தட்டு, உடனே குனிந்து காதை வைத்து ஒரு கேட்பு. இரண்டடி தள்ளி நின்று மறுபடி ஒரு தட்டு. கயிறு இரண்டு கொக்கிகளுக்கு நடுவே விறைத்து நிற்கிறது.

"கேக்குதுங்களா?" என்று என்னைப் பார்க்கிறார்.

எனக்குச் சிங்காநல்லூர் பஸ்களின் ஹாரன் கேட்கிறது. பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம் கேட்கிறது. கயிற்றிடமிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் மனுஷன் இவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? "கேக்குதுங்க" என்று சொல்லிவைத்தேன்.

"பொய்யிங் சார்! இது ஒண்ணுமே சொல்லுல. ஒண்ணுஞ் சொல்லாம இருந்தாத்தான் அது கயிறு" என்று சொல்லிவிட்டுக் கயிறு திரிக்கும் களம் அதிரச் சிரித்தார்.

துணி காயப்போட ஒரு கொடிக்கயிறு வாங்கப் போனவன் நான். ஐந்து நிமிட வேலை. கயிற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் துணி காய்ந்ததோ இல்லையோ, நான் ராமுலு களத்தில்தான் காய்ந்துகொண்டிருந்தேன்.

ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத பெரிய கைகள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி மஞ்சி, அதாவது தேங்காய் நார், துருத்திக்கொண்டிருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அதை உருவித் தொடையில் வைத்துத் திரிப்பார், பேச்சு முடிந்ததும் பிரித்துப் பையில் போட்டுக்கொள்வார். கையில் எந்தக் கயிறு கிடைத்தாலும் சரி, அதன் முறுக்கைப் பிரித்து உள்ளே பார்க்காமல் விடமாட்டார். சாமான் கட்டி வரும் சணல், கோயிலில் தரும் கறுப்புக் கயிறு, என் பையின் கைப்பிடி வரைக்கும் பிரித்துப் பார்த்துவிட்டார். பையை அவர் திருப்பித் தரும்போது எனக்குப் பை இருந்தது, பிடி இல்லை.

இன்னொரு வேடிக்கை, அவர் பின்பக்கமாகத்தான் நடப்பார். கயிறு திரிப்பவர்கள், அது முறுக்கேறி வருவதைப் பார்த்தபடியே பின்வாங்கி நடக்க வேண்டும். நாற்பது வருஷமாக அப்படி நடந்து கால் அதற்கே பழகிப்போய்விட்டது. போன் வந்தால் போதும், தன்னாலே பின்பக்கமாக நடக்கத் தொடங்கிவிடுவார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஹாரிகாவோடு பேச ஆரம்பித்தால், பேச்சு முடியும்போது முதுகு கேட்டில் வந்து முட்டும். "அப்ப வெச்சர்றேன் கண்ணு, கேட் வந்துருச்சு" என்பார்.

களம் இருக்கிறதே, அது தனிக் கதை. இருநூற்றுப் பத்து அடி நீளம், பதினாலே அடி அகலம். ஒரு பக்கம் மில்லின் பழைய மதில், இன்னொரு பக்கம் வாய்க்கால். எழுபது வருஷத்துக்கு முன்பு யாரோ பாகம் பிரித்தபோது யாருக்கும் வேண்டாமல் மிஞ்சிய துண்டு. வீடு கட்ட முடியாது, தோட்டம் போட முடியாது, மாட்டு வண்டி உள்ளே போனால் திருப்ப முடியாது. ஊரே சிரித்த அந்த நிலத்தை ராமுலுவின் தாத்தா வரதராஜுலு ஒரே பார்வையில் வாங்கிப்போட்டாராம். கயிறு திரிப்பவனுக்கு அகலம் எதற்கு? "எங்க தாத்தனுக்கு லச்சுமி ஒல்லியா வந்தாளுங்க" என்கிறார் ராமுலு. இன்றைக்குச் சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்துவிட்டன. இந்தத் துண்டை மட்டும் எந்த பில்டரும் சீண்டவில்லை. படுக்கவைத்தால்தான் கட்டடம் கட்டலாம்!

தாத்தா காலத்தில் மில்லுக்குப் பஞ்சுப் பொதி கட்டும் கயிறும் கிணற்றுக் கயிறும் போயின. அப்பா சுப்பையன் காலத்தில் கிணற்றுக்கு மோட்டார் வந்தது. அவர் அசரவில்லை, அந்த மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்க வடம் திரித்துக் கொடுத்தார். இப்போது பந்தல் போடுகிறவர்களும் பாகற்காய் போடுகிறவர்களும் வருகிறார்கள். வெளிநாட்டுக்கும் போகிறது. எதற்கென்று கேட்டேன்.

"பூனைக்குங்க."

"பூனையக் கட்டறதுக்கா?"

"கட்டறதுக்கில்லீங் சார், பொறாண்டறதுக்கு! அந்தூருப் பூனைக சோபாவப் பொறாண்டாம இருக்கோணும்னு ஒரு கட்டையில நம்ம கயித்தச் சுத்தி வெக்கறாங்களாமா. ஜிம்முக்காரங்க ஒருபக்கம் வந்து தொடத் தண்டி கயிறு கேக்கறாங்க. அதுல எதையுங் கட்டறதுமில்ல, இழுக்கறதுமில்ல. ரெண்டு கையில புடிச்சுச் சும்மா ஆட்டறாங்க. ஆட்டீட்டுப் போகட்டுமுங்க, நமக்கென்ன!"

கேட்டுக்கு மேலே தாத்தா காலத்துத் தகரப் பலகை. 'வரதராஜுலு கயிற்றுக் களம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை: 'அறாது.' பெயின்டர் நாலு வரி விளம்பரம் எழுதத் தயாராக வந்தாராம். தாத்தா ஒரு வார்த்தையோடு நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தைக்குத்தான் போன வருஷம் ஆபத்து வந்தது.

ஏரிக்கரை மைதானத்தில் காணும் பொங்கலன்று வடம் இழுக்கும் போட்டி நடக்கும். இறுதிச் சுற்றில் எப்போதும் பட்டறைக்காரர்களும் மண்டிக்காரர்களும்தான் மோதுவார்கள். பட்டறைக்காரர்கள் லேத்தில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள். மண்டிக்காரர்கள் தேங்காய் மூட்டை சுமப்பவர்கள். எட்டுக்கு எட்டு. சுப்பையன் காலத்திலிருந்து போட்டிக்கு வடம் இந்தக் களத்திலிருந்துதான் போகும். போன வருஷம் இழுப்பு உச்சத்தில் இருந்தபோது வடம் 'டப்'பென்று அறுந்தது. பதினாறு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். இரண்டு பேருக்கு இடுப்பில் பிடிப்பு, ஒருவருக்குப் பல் போனது. கோப்பை யாருக்கும் இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே புதுச் சொல் பிறந்துவிட்டது. பஸ் நடுவழியில் நின்றால் "ராமுலு கயிறு ஆயிப்போச்சு" என்றார்கள். கரண்ட் போனால் ராமுலு கயிறு. கல்யாணப் பேச்சு முறிந்தால் ராமுலு கயிறு. நானே வீட்டில் மிக்ஸி நின்றபோது அப்படிச் சொல்லியிருக்கிறேன், அவரை அறியாத காலத்தில். யாரோ ஒரு குறும்பன் இரவோடிரவாகப் பலகையில் சுண்ணாம்பால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனான். 'அறாது?'

ராமுலு அதை அழிக்கவே இல்லை. "சரியாத்தானுங்களே கேட்டிருக்கான்" என்றார்.

வடம் ஏன் அறுந்தது என்பதை அவர் சொல்லக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வடம் திரிக்க ஒரு முனையில் மோட்டார், அதில் மூன்று கொக்கி. மறுமுனையில் கல் ஏற்றிய சின்ன வண்டி, அதில் ஒரு கொக்கி. நடுவே மூன்று புரிகள். மூன்று பள்ளம் வெட்டிய ஒரு மரக்கட்டையைப் புரிகளுக்கு இடையே கொடுத்து, ராமுலு வண்டிப் பக்கமிருந்து மோட்டார் பக்கம் பின்பக்கமாகவே நடந்து வருவார். கட்டைக்கு முன்னால் மூன்று புரியும் ஒன்று சேர்ந்து வடமாகிக்கொண்டே போகும். ஓரத்தில் தாத்தா நட்ட பத்துக் கல். ஒவ்வொரு கல்லைத் தாண்டும்போதும் எண்ணைக் கூவ வேண்டும். பத்தாவது கல்லில்தான் மோட்டாரை நிறுத்துவார்கள்.

கூவுவது தெலுங்கில். ராமுலு வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள், தலைமுறை தலைமுறையாகக் கோயமுத்தூர்த் தெலுங்கு. "ஆந்திராவுல போயி எங்க தெலுங்கப் பேசுனா, இதென்ன தமிழான்னு கேக்கறாங்க" என்பார். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று கல்லுக்குக் கல் குரல் போகும். மோட்டார் பக்கம் ஹாரிகா இருந்தவரை பிரச்சினையே இல்லை. அவள் வேலைக்குப் போனதும் அந்த இடத்துக்கு அன்புச்செல்வி வந்தார். நீலிக்கோணாம்பாளையத்துக்காரர், ஸ்பின்னிங் மில்லில் ஒன்பது வருஷம் மெஷின் ஓட்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். மோட்டாரைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. வந்து பதினைந்து நாளில் அதன் சத்தத்தை வைத்தே பெல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவர். ஆனால் பெரிய வடம் ஓட்டியது அன்றுதான் முதல்முறை.

"'ஒகட்டி'ன்னு கத்துனாருங்க, என்னமோ திட்டறார்னு நெனச்சேன். 'ரெண்டு'ன்னாரு, செரி, ரெண்டு. அடுத்து 'மூடு! மூடு!'ன்னு கத்தறாரு. நான் என்னங்க பண்ணுவேன்? மூடிப்போட்டேன்!" என்றார் அன்புச்செல்வி.

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. தமிழில் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் நின்ற அந்த நிமிஷத்தில் மூன்றாவது கல்லருகே ஒரு சாண் நீளத்துக்கு முறுக்கு இளகிப்போனது. அடுத்த நாள் போட்டி. அவிழ்த்துத் திரும்பத் திரிக்க நேரமில்லை.

"ஒரு சாண்தானேன்னு உட்டுப்போட்டனுங்க. தப்பு என்ர தப்புதான். அந்தம்மணி தமிழ்ல கேட்டுச்சு, நா தெலுங்குல சொன்னேன். ஆனா இளகுனதத் தொட்டுப் பாத்துத் தெரிஞ்சும் அனுப்புனவன் நாந்தானுங்களே" என்றார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. பையிலிருந்து மஞ்சியை எடுத்துத் திரித்தவர், பேச்சு முடிந்தும் பிரிக்கவில்லை.

வடம் அறுந்த மறுநாள் அன்புச்செல்வி வேலையை விட்டு நின்றுவிட்டாராம். ராமுலு அவர் வீட்டு வாசலில் போய் நின்று, "கண்ணு, கயிறு அறுந்துச்சு. நீ எதுக்கு அறுத்துக்கற? நாளைக்கு வாரியா, இல்ல நா மோட்டாரத் தூக்கிட்டு இங்க வரட்டுமா?" என்று கேட்டாராம். மறுநாள் வந்துவிட்டார்.

இந்த வருஷம் விழாக் கமிட்டித் தலைவர் திருமலைசாமி ஊர்க் கடையில் நைலான் கயிறு வாங்கி வைத்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ராமுலு அவர் வீட்டுக்கே போனார், என்னையும் இழுத்துக்கொண்டு.

"இறுதிச் சுத்து மட்டும் நம்ம வடத்துல இழுக்கட்டுங்க."

"ராமுலண்ணா, போன வருசம் போன பல்லே இன்னும் மொளைக்கல. மறுக்காவுமா?"

"அறுந்தா என்ர பலகையில இருக்கற அந்த வார்த்தைய நானே அழிச்சர்றனுங்க. எங்க தாத்தன் எழுதுனது. ஊரு பாக்க, நானே ஏணி போட்டு ஏறி அழிக்கறேன்."

"நைலான் பக்கத்துலயே இருக்கும், பாத்துக்கங்க" என்றார் திருமலைசாமி. வெளியே வந்ததும் ராமுலுவுக்கு அவ்வளவு உற்சாகம், தெருமுனை வரை பின்பக்கமாகவே நடந்து வந்தார். இரண்டு ஸ்கூட்டர்காரர்கள் திட்டினார்கள்.

போகிக்கு நான்கு நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு வடம் திரிக்க நாள் குறித்தார்கள். நான் ஆறரைக்கே போய்விட்டேன். தண்ணீர் தெளித்துக் களத்தைப் பெருக்கியிருந்தார்கள். மூன்று புரியும் இழுத்துக் கட்டியாயிற்று. மோட்டார் ஓடத் தொடங்கியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என் கயிறா அது? ஆனாலும் கழற்றினேன்.

ராமுலு முதல் கல்லைத் தாண்டினார். "ஒண்ணு!" என்று கூவினார்.

நான் திடுக்கிட்டேன். தமிழ்! மனுஷன் ஒரு மாதமாக யாருக்கும் தெரியாமல் தமிழில் எண்ணிப் பழகியிருக்கிறார். மோட்டார் பக்கம் பார்த்தேன், அன்புச்செல்வி என்னைவிடத் திகைத்துப் போயிருந்தார். அந்த அம்மணியோ, ஹாரிகாவிடம் போனில் வாய்ஸ் மெசேஜ் வாங்கி ஒகட்டியிலிருந்து பத்துக்கான பதி வரைக்கும் தெலுங்கில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்! இவர் அவருக்காகத் தமிழுக்கு வந்தார், அவர் இவருக்காகத் தெலுங்குக்குப் போய்விட்டார்.

"ரெண்டு!" இரண்டு மொழிக்கும் பொது. தப்பித்தோம்.

மூன்றாவது கல் வந்தது. ராமுலுவின் கால்கள் நடந்துகொண்டிருந்தன. "மூ..." என்று இழுத்தார். அடுத்து எந்த எழுத்தைப் போடுவது என்று நாக்குக்குத் தெரியவில்லை. "மூணு! இல்ல மூடு! அட, மூணு!" என்று களம் முழுக்கக் கத்தினார். நான் மோட்டாரைப் பார்த்தேன். அன்புச்செல்வி சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. அங்கிருந்தே மோட்டார் சத்தத்தை மீறி ஒரு பதில் கத்தல் வந்தது.

"ஓடுதுங்ணா! நீங்க எந்தப் பாசையில வேணாக் கத்துங்க, நான் மூடறதா இல்ல!"

சிரிப்பில் கட்டை ஆடிவிடக் கூடாதே என்று ராமுலு உதட்டைக் கடித்துக்கொண்டார். "நாலுகு!" என்றபோது பழைய தாளம் திரும்பிவிட்டது. அய்து, ஆறு, ஏடு என்று கற்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஏழாவது கல்லிலிருந்து நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன், எனக்குத் தெலுங்கு தெரியாது. "பதி!" மோட்டார் நின்றது. நூற்று நாற்பது அடி வடம், மணிக்கட்டுத் தண்டி, ஒரே முறுக்கு. ராமுலு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போனார். மூன்றாவது கல்லருகே மட்டும் பத்துத் தட்டாவது தட்டியிருப்பார்.

காணும் பொங்கல் சாயங்காலம். ஏரிக்கரையில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் போட்டி பார்க்க வந்தவர்கள், மீதிப் பேர் வடம் அறுவதைப் பார்க்க வந்தவர்கள். "ராமுலு கயிறு, ராமுலு கயிறு" என்று ஒரு கூட்டம் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தது. நைலான் கயிறு ஒரு நாற்காலியில் மாப்பிள்ளை மாதிரி தயாராக உட்கார்ந்திருந்தது. முதல் இழுப்பு மண்டிக்காரர்களுக்கு. இரண்டாவது பட்டறைக்காரர்களுக்கு. மூன்றாவதுதான் முடிவு.

பதினாறு பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றினார்கள். வடத்தின் நடுவே கட்டிய சிவப்புத் துணி அசையவே இல்லை. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். கழுத்து நரம்புகள் புடைத்தன. எல்லோரும் ஆட்களைப் பார்த்துக் கத்தினார்கள், ராமுலு மட்டும் வடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை நிமிஷம் இருக்கும், 'சர்ர்ர்' என்று ஏதோ கிழியும் சத்தம். ராமுலுவின் பெரிய கை என் தோளை நசுக்கியது. "சொல்லிப்போட்டுதுங் சார்... கயிறு சொல்லிப்போட்டுது..."

"கயிறு இல்லீங்ணா!" என்று அன்புச்செல்வி அலறினார். "பட்டறைக்காரரு ஷூ! அங்க பாருங்க, ஷூ!"

பட்டறை அணியின் கடைசி ஆளுடைய ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தனியாக வந்துவிட்டது. அவர் சறுக்கினார், முன்னால் இருந்தவர் சறுக்கினார், அப்புறம் எட்டுப் பேரும் கொத்தாக இழுபட்டுப் போனார்கள். மண்டிக்காரர்கள் ஜெயித்தார்கள். வடம் சிவப்புத் துணியோடு தரையில் கிடந்தது, முழுசாக!

திருமலைசாமி மைக்கைப் பிடுங்கினார். "ராமுலண்ணன் கயிறு தாங்கிருச்சுங்க! பலகையில இருக்கற எழுத்து அப்பிடியே இருக்கட்டும்! எவனோ போட்ட அந்தக் கேள்விக்குறிய நான் நாளைக்கு வந்து அழிக்கறேன்!" கூட்டம் விசிலடித்தது. நான் யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். போன வருஷம் பல் போனவரும் அதில் ஒருவர் என்று பிறகு தெரிந்தது. பொடிசுகள் ஓடிப்போய் வடத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள்.

ராமுலுவைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். மனுஷன் அங்கே இல்லை. இளநீர் வண்டிக்காரரிடம் கொடுவாளை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். வடத்தின் முனையிலிருந்து அடி வைத்து எண்ணினார். ஓர் இடத்தில் குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்தார். கொடுவாளை ஓங்கினார். இரண்டு வெட்டு. ஒரு சாண் தள்ளி இன்னும் இரண்டு வெட்டு.

"ஏனுங்ணா!" என்று திருமலைசாமி மைக்கிலேயே கத்தினார். "எட்டாளும் எட்டாளும் இழுத்து அறுவாத கயித்த நீங்களே அறுத்துப்போட்டீங்களே!"

"அது அறுவுலீங்க" என்றார் ராமுலு. "நாந்தான் வெட்டுனேன். அடுத்த வருசத்துக்குப் புதுசு திரிச்சுக்கலாமுங்க."

ஒரு சாண் துண்டு, மூன்றாவது கல்லருகே, போன வருஷம் இளகிய அதே இடத்தில் திரிந்த துண்டு, அவர் கையில் இருந்தது. இப்போது அதைப் பிரித்து உள்ளே பார்க்கப் போகிறார் என்று நான் எட்டிப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக, முன்பக்கமாகவே நடந்து வந்து, துண்டை இரண்டு கையிலும் கோப்பை போல ஏந்தி அன்புச்செல்வியிடம் நீட்டினார்.